மிசஸ் டப்ஸ் கேட்ட கூலி

வெர்டெல் டப்ஸை வெறும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது. கடைக்காரரானாலும் சரி, மாவட்டப் போலீஸ் அதிகாரியான கவுண்டி ஷெரீஃபானாலும் சரி, 'மிசஸ் டப்ஸ்' என்று சொல்லும்வரை திரும்பிப் பார்க்கமாட்டார். அவருடைய அம்மா நாற்பது வருஷம் வெள்ளைக்காரர் வீடுகளில் சமைத்துத் துணி துவைத்தவர். அந்த வீட்டு வாண்டுகள்கூட அந்த அம்மாளைப் பேர் சொல்லி 'ஓசி' என்றுதான் கூப்பிட்டன. அம்மா அத்தனையையும் பொறுத்துக்கொண்டார். மகள் அந்தப் பொறுமையைச் சொத்தாக வாங்கிக்கொள்ளவில்லை.

அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி டெல்டாவில் எங்கள் கில்லம் ஊரில் இருபத்தொன்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். காலையில் ஒரு நடை, பிற்பகலில் ஒரு நடை, நடுவில் நாலரை மணி நேரம் சம்பளமில்லாத சும்மா. வண்டியை எடுப்பதற்கு முன் சுற்றிவந்து டயர், பிரேக், விளக்கு, அவசரக் கதவு என்று ஒவ்வொன்றையும் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும் என்பது சட்டம். மற்ற டிரைவர்கள் காபி குடித்துக்கொண்டே காகிதத்தில் டிக் அடித்துவிடுவார்கள். மிசஸ் டப்ஸ் கொட்டுகிற மழையிலும் முழங்காலை ஊன்றி வண்டிக்கு அடியில் எட்டிப் பார்ப்பார். பார்க்காததற்குக் கையெழுத்துப் போடுவது பொய்ச்சாட்சி என்பார்.

அவர் யார் என்பது எங்கள் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு சனிக்கிழமை தெரிந்தது. பிள்ளைகளை பாண்டுவாத்தியப் போட்டிக்கு வெளியூர் கூட்டிப்போனால் ஓட்டுகிற நேரத்துக்கு மட்டும்தான் கூலி, அங்கே ஆறு மணி நேரம் காத்துக்கிடப்பதற்கு ஒன்றும் கிடையாது என்பது அந்தக் காலத்து விதி. அந்தச் சனிக்கிழமை மிசஸ் டப்ஸ் பஸ்ஸை மைதானத்து வாசலில் பூட்டினார், சாவியைக் கைப்பையில் போட்டார், அந்த ஊரிலிருந்த சித்தி மகள் வீட்டுக்கு நடந்துபோய்ப் பொரித்த கெளுத்தி மீனும் கீரையும் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டார். போட்டி சீக்கிரம் முடிந்துவிட்டது. வாத்தியார் டிரம்முகளோடும் நாற்பது பிள்ளைகளோடும் வெயிலில் நின்று காய்ந்தார். திங்கட்கிழமை கூப்பிட்டு விசாரித்தபோது மிசஸ் டப்ஸ் அமைதியாகச் சொன்னார்: "காத்திருக்கறது வேலை இல்லன்னு நீங்கதானே எழுதி வெச்சிருக்கீங்க. வேலை இல்லாத நேரத்துல நான் எங்க இருந்தா உங்களுக்கு என்ன?" வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள் என்று ஊரே பயந்தது. இரண்டு மாசத்தில் காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி வந்தது, எல்லா டிரைவர்களுக்கும்.

இப்படிப்பட்ட மனுஷிக்குக் கிட்னி வியாதி.

எங்கள் பக்கம் அது புதிதில்லை. கவுண்டியில் சர்ச்சுக்கு அடுத்தபடியாகக் கார் நிறைந்து நிற்கிற இடம் டயாலிசிஸ் நிலையம்தான். மிசஸ் டப்ஸின் அக்காள் க்ளோரிஸ் அங்கேதான் மூன்று வருஷம் இழுத்துக்கொண்டிருந்து போனார். தங்கை ஓரலீ பதினோரு மாசத்தில் போய்விட்டார். இருவரையும் நாற்காலியில் உட்காரவைத்துக் குழாய் மாட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் இவர். தன் உடம்பிலும் அது தொடங்கிவிட்டது என்று தெரிந்த அன்று, கணவர் அமோஸிடம்கூட இரண்டு நாள் பேசவில்லை.

அந்த வருஷம் பிப்ரவரியில் தொண்ணூறு மைல் தள்ளியுள்ள நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் லுண்ட் என்ற பெண் எங்கள் மவுண்ட் கிலியட் சர்ச்சுக்கு வந்தார். கிட்னி கெடுவதைத் தாமதப்படுத்தும் மருந்து ஒன்று வந்திருக்கிறது, ஆயிரம் பேருக்குக் கொடுத்துப் பார்த்தாயிற்று, ஆனால் அந்த ஆயிரத்தில் கறுப்பர்கள் முப்பத்தொரு பேர்தான், வியாதி அதிகம் வருவதோ உங்களுக்கு, அதனால் நீங்கள் சேரவேண்டும் என்றார். நல்ல பெண், குறை சொல்லமுடியாது. ஆனால் பேச்சைத் தொடங்கியது மன்னிப்பில். அந்தக் காலத்தில் அலபாமாவில் கறுப்பு ஆண்களுக்கு வியாதி இருப்பது தெரிந்தும் மருந்து கொடுக்காமல் வேடிக்கை பார்த்தார்களே, அதற்காக மருத்துவ உலகமே வெட்கப்படுகிறது, உங்கள் அவநம்பிக்கை எங்களுக்குப் புரிகிறது என்று கண் கலங்கப் பேசினார். இதை எங்களுக்கு யாராவது வந்து சொல்லாத வருஷம் இல்லை. பாஸ்டர் பிக்கெட் பொறுமையாகத் தலையாட்டினார். மிசஸ் டப்ஸ் எழுந்து, ரத்தம் கொடுக்க எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

முதல் சோதனைக்குப் பத்தொன்பது பேர் போனோம். விடிகாலையில் வெறும் வயிற்றோடு கிளம்பி, தொண்ணூறு மைல் போய், காத்திருந்து, ரத்தம் கொடுத்து, மறுபடி காத்திருந்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிட்டது. கெளுத்தி மீன் ஆலையில் வேலை பார்க்கும் லெட்டி க்ரம்புக்கு அன்றைய கூலியும் போயிற்று, ஆலையின் வருகைப் பதிவேட்டில் ஒரு கரும்புள்ளியும் விழுந்தது. ஏழு புள்ளி சேர்ந்தால் வேலை போய்விடும். வரும்போது ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். இருபது டாலர் மதிப்பு. ரொக்கமாகக் கொடுத்தால் கெட்ட வழியில் செலவழித்துவிடுவோமாம், அதனால் ஒரு மளிகைக் கடையில் மட்டும் செல்லும்படி கொடுத்திருந்தார்கள். அந்தக் கடை எங்கள் கவுண்டியிலேயே கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் கூத்து. எங்கள் சர்ச்சில் கைக்கு எது வந்தாலும் பத்தில் ஒரு பங்கு காணிக்கை. இருபது டாலர் அட்டையிலிருந்து இரண்டு டாலரை எப்படிக் கிள்ளி எடுப்பது? கர்த்தருக்குக் குறை வைக்கவேண்டாம் என்று லெட்டி முழு அட்டையையே காணிக்கைத் தட்டில் போட்டாள். அதைப் பார்த்து அடுத்தவர் போட்டார். போடாவிட்டால் நன்றாயிருக்குமா? பத்தொன்பது அட்டையும் தட்டில் விழுந்துவிட்டன. வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு தட்டேந்தும் பெண்கள் குழுவுக்கு மிசஸ் டப்ஸ்தான் தலைவி. அவரும் தன்னுடையதைப் போட்டார். வங்கி அதைத் தொடவே மறுத்தது. பாஸ்டர் அத்தனையையும் ரப்பர் பாண்டு போட்டுக் கட்டி அலமாரியில் வைத்தார்.

சோதனை முடிவில் மிசஸ் டப்ஸின் கிட்னி எண், அதாவது கிட்னி நூற்றுக்கு எவ்வளவு வேலை செய்கிறது என்ற கணக்கு, முப்பத்தொன்று. இருபத்தைந்துக்குக் கீழே போனால் ஆராய்ச்சியில் இடம் கிடையாது. அவருக்கு இடம் இருந்தது. டாக்டர் லுண்ட் சம்மதப் பத்திரத்தோடு வந்தார். முப்பத்திரண்டு பக்கம். மற்றவர்கள் கடைசிப் பக்கத்தைத் தேடினார்கள். மிசஸ் டப்ஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தார், புரியாத இடத்தில் நிறுத்தினார், புரியும்வரை நகரவில்லை. இரண்டே முக்கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டு வருஷத்தில் பதினான்கு முறை நகரத்துக்கு வரவேண்டும், எல்லாம் வேலை நாட்களில், ஒவ்வொரு முறைக்கும் அதே அட்டை. அதைப் படித்ததும் பத்திரத்தை மூடினார்.

இப்படியென்றால் ஒருவரும் கையெழுத்துப் போடப்போவதில்லை என்றார். வீட்டுப் படியிறங்கியதிலிருந்து படியேறும்வரை மணிக்கணக்கில் கூலி, ரொக்கமாக. போக ஒரு வேன். மீன் ஆலைக்காரர்களுக்குச் சனிக்கிழமை. இவ்வளவுதான் கேட்டார். டாக்டர் லுண்ட் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்க எங்கள நம்பாமத்தான் வரமாட்டீங்கன்னு நாங்க நெனச்சிட்டு இருக்கோம், மிசஸ் டப்ஸ்."

"நம்பிக்கை கெடக்கட்டும் டாக்டரம்மா. பதினாலு நாள் வேலைக்குப் போகலன்னா லெட்டி வீட்டு வாடகைய யாரு குடுப்பா? வரவும் போகவும் முடியாம பாதியில நின்னுடுவா. அப்புறம் கறுப்பங்க பாதியில ஓடிட்டாங்கன்னு நீங்க புஸ்தகத்துல எழுதுவீங்க."

அந்தப் பெண்ணுக்கு அது உறைத்தது. நேராகப் போய், ஆராய்ச்சிகளுக்கு அனுமதி தரும் ஆஸ்பத்திரி நெறிமுறைக் குழுவிடம் எழுதிக் கொடுத்தார். அந்தக் குழு மாசத்துக்கு ஒருமுறை கூடும். ஏப்ரலில் யோசிக்கிறோம் என்றார்கள். மே மாசம் கூடுதல் விவரம் கேட்டார்கள். ஜூனில் பதில் வந்தது. பத்தொன்பது அட்டைகளில் ஒன்றைக்கூட யாரும் செலவழிக்கவில்லை என்று கம்ப்யூட்டர் காட்டுகிறதாம். ஆகவே இந்த மக்கள் காசுக்காக வருகிறவர்கள் இல்லை, பரோபகார எண்ணத்தால் வருகிறவர்கள், கூலியை உயர்த்தினால் அந்த நல்ல எண்ணத்தைக் கெடுத்ததாகும், ஏழைகளைப் பணத்தைக் காட்டி இழுத்ததாகவும் ஆகும் என்று எழுதியிருந்தது. பாஸ்டர் அதைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். ஜூலை, ஆகஸ்ட் குழுவுக்கு விடுமுறை.

அந்த ஜூனில் மிசஸ் டப்ஸின் எண் இருபத்தெட்டு.

டாக்டர் லுண்ட் தனியாக வீட்டுக்கு வந்தார். நீங்கள் மட்டும் இப்போது கையெழுத்துப் போட்டுவிடுங்கள், மற்றவர்கள் விவகாரம் ஆகும்போது ஆகட்டும், உங்கள் எண் இறங்குகிற வேகம் எனக்குப் பிடிக்கவில்லை என்று கெஞ்சினார். அமோஸ் பேசாத மனுஷன், அவரே சமையலறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"போட்டுடு வெர்டெல். ஓரலீய நாம பாத்தோம். எனக்கு இன்னொரு தடவ அதைப் பாக்கத் தெம்பு இல்ல."

அமோஸ் ஒருவர்தான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம். மிசஸ் டப்ஸுக்கு உயிர்மேல் ஆசை இல்லையா? கொள்ளை ஆசை. அந்த வருஷம்தான் பின்கட்டில் புதிதாகப் பீச் பழ மரம் நட்டிருந்தார். ஆனால் தான் கையெழுத்துப் போட்டால் சர்ச் முழுக்க மறுநாளே பின்னால் வந்து போடும் என்பதும் அவருக்குத் தெரியும். மிசஸ் டப்ஸே படித்துப் பார்த்துப் போட்டுவிட்டார், நமக்கென்ன என்று முதல் ஆளாக லெட்டி நிற்பாள். ஏழாவது புள்ளி விழுந்து ஆலையிலிருந்து வெளியே வருவாள்.

"நான் தனியாப் போட்டா அது என் கையெழுத்து மட்டும் இல்ல அமோஸ். வேணாம்," என்றார். டாக்டரிடம், இருபத்தைந்து என்பது எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று எனக்குக் கணக்குத் தெரியும், குழு எப்போது கூடுகிறதோ அதைச் சொல்லுங்கள், நானே வருகிறேன் என்றார். அமோஸ் அன்று இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. ஒரு வாரம் அந்த வீட்டில் இரண்டு பேரும் தட்டு பாத்திரச் சத்தத்தில்தான் பேசிக்கொண்டார்கள்.

செப்டம்பரில் குழு கூடியது. ஒன்பதாவது மாடி, நீள மேஜை, சுற்றிப் பதினோரு பேர், நடுவில் அவர்களுக்கு வரவழைத்த சாண்ட்விச்சுகள். மிசஸ் டப்ஸ் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியும் வெள்ளைக் கையுறையுமாகப் போயிருந்தார், கூட பாஸ்டர். குழுத் தலைவர் நரைத்த தலைக்காரர், மரியாதை தெரிந்தவர். ஏழைகள்மேல் தமக்குள்ள அக்கறையை அழகாக எடுத்துச் சொன்னார். பெரிய தொகையைக் கண்டால் ஆபத்தை எடைபோடும் நிதானம் யாருக்கும் தவறிவிடும் என்றார். அட்டைகளைத் தொடாத உங்கள் மக்களின் பெருந்தன்மை எங்களை நெகிழவைத்தது என்றும் சொன்னார்.

மிசஸ் டப்ஸ் பையிலிருந்து காணிக்கைத் தட்டை எடுத்து சாண்ட்விச்சுகளை ஒதுக்கி மேஜைமேல் வைத்தார். ரப்பர் பாண்டைக் கழற்றிப் பத்தொன்பது அட்டையையும் அதில் கொட்டினார். இந்தக் கடை எங்கள் ஊரில் இல்லை, இரண்டு டாலரை இதிலிருந்து கிள்ளத் தெரியாமல் முழுசாகக் கர்த்தருக்குக் கொடுத்தோம், அவருக்கும் அந்தப் பக்கம் கடை இல்லை போலிருக்கிறது, அப்படியே கிடக்கிறது என்றார். ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

"ஐயா, இந்தக் கூட்டத்துல வந்து உக்காந்திருக்கறதுக்கு உங்களுக்குச் சம்பளம் உண்டா?"

உண்டு என்று தலைவர் ஒப்புக்கொண்டார்.

"அதனால உங்க நிதானம் தவறிப்போச்சா?"

தலைவர் முன்னாலிருந்த காகிதங்களை அடுக்கினார்.

"லெட்டின்னு எங்க பொண்ணு ஒருத்தி மீன் ஆலையில கத்தி பிடிக்கிறா. ரெண்டு விரல் மரத்துப்போச்சு. ஆபத்துன்னு தெரிஞ்சுதான் தெனம் போறா. அங்க காசு குடுத்தா அதுக்குப் பேரு வேலை. அவ ரத்தத்துக்கு நீங்க காசு குடுத்தா மட்டும் அது மயக்க மருந்தா? எங்களுக்குக் கணக்குத் தெரியாதுன்னு யாரு உங்ககிட்ட சொன்னா? ஒவ்வொரு மாசக் கடைசியிலயும் எங்க வீட்டுக்கு வந்து பாருங்க, யாருக்குக் கணக்குத் தெரியும்னு. உங்க மருந்து எங்க உடம்புல வேலை செய்யுதான்னு தெரிஞ்சுக்கணும்னு வந்தது நீங்க. எங்க உடம்பு வேணும், எங்க நாள் வேணும், கூலி மட்டும் எங்க நல்லதுக்காகக் குடுக்க மாட்டீங்க. இந்த நல்லத நாங்க முன்னூறு வருஷமாப் பாத்துட்டோம்."

பாஸ்டர் பிக்கெட் தம்மையறியாமல் 'ஆமென்' என்றுவிட்டார். பிரசங்க மேடை இல்லாத இடத்தில் அவர் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை. மிசஸ் டப்ஸ் தட்டைக் கவிழ்த்து எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். அட்டைகளை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தார்.

அக்டோபர் கடைசியில் உத்தரவு வந்தது. மணிக்கணக்கில் கூலி, காத்திருக்கும் நேரமும் சேர்த்து. வேன். மாசத்தில் இரண்டு சனிக்கிழமை. எங்கள் சர்ச்சிலும் பக்கத்து இரண்டு சர்ச்சுகளிலும் நாற்பத்தாறு பேர் சேர்ந்தார்கள். லெட்டியின் எண் நாற்பத்திரண்டு, நல்ல எண். சேருவதற்கு முன் எல்லாருக்கும் மறுபடி ரத்தம் எடுத்தார்கள்.

மிசஸ் டப்ஸின் எண் இருபத்துமூன்று.

இதைப் போனில் சொல்ல மனம் வராமல் டாக்டர் லுண்ட் தொண்ணூறு மைல் காரோட்டி வந்தார். நண்பகல், பஸ் நிறுத்துமிடத்தில் மிசஸ் டப்ஸ் வண்டியைக் கூட்டிக்கொண்டிருந்தார். எண்ணைச் சொன்னதும் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு முதல் இருக்கையில் உட்கார்ந்தார். விதியைத் தளர்த்தக் கேட்டுப் பார்த்தேன், மருந்துக் கம்பெனி ஒப்பவில்லை என்று டாக்டர் சொன்னார். பிறகு அந்தப் பெண் அழுதேவிட்டது.

"ஜூன்ல நான் உங்கள விட்டிருக்கவே கூடாது. எப்படியாவது வற்புறுத்திக் கையெழுத்து வாங்கியிருக்கணும். நீங்க கோவத்துல இருந்தீங்க, என்ன செய்யறோம்னு உங்களுக்கு..."

"நிறுத்துங்க." மிசஸ் டப்ஸ் எழுந்து நின்றார். "காசக் காட்டினா எங்களுக்கு யோசிக்கத் தெரியாதுன்னு அவங்க சொன்னாங்க. வேணாம்னு சொன்னப்போ நான் யோசிக்கலன்னு இப்ப நீங்க சொல்றீங்க. ரெண்டும் ஒண்ணுதான், டாக்டரம்மா. நான் முழுசா யோசிச்சேன். ஓரலீ முகத்த மனசுல வெச்சுக்கிட்டே யோசிச்சேன். அது என் முடிவு. அழறதுன்னா அழுங்க, அதை மட்டும் என்கிட்ட இருந்து பிடுங்காதீங்க."

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிடுங்கவில்லை என்றார். அவர் போன பிறகு மிசஸ் டப்ஸ் காலி பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பயமாக இருந்தது, அதை அவர் மறைத்ததே இல்லை. அழுது முடித்து, வண்டியைச் சுற்றிவந்து எல்லாவற்றையும் பார்த்து, கையெழுத்துப் போட்டு, பிள்ளைகளைக் கூட்டிவரப் போனார். சாயங்காலம் அமோஸிடம் சொன்னபோது அந்த மனுஷன் கோபப்படவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. தன் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்த வருஷம் ஈஸ்டருக்கு முன் டயாலிசிஸ் தொடங்கியது. செவ்வாய், வியாழன், சனி. பஸ்ஸை விடவேண்டியதாயிற்று. ஆராய்ச்சி இரண்டு வருஷமும் நடந்தது. நாற்பத்தாறு பேரில் நாற்பத்துநான்கு பேர் கடைசிவரை வந்தார்கள், ஒருவர் செத்துப்போனார், ஒருவர் மகளோடு வேறு மாநிலம் போனார். கறுப்பர்கள் இத்தனை பேர் நிலைத்து நின்றது எப்படி என்று மற்ற ஊர் ஆஸ்பத்திரிகள் கேட்டு எழுதினவாம். மருந்து எங்கள் உடம்பிலும் வேலை செய்கிறது, ஆனால் வேறு அளவில் கொடுக்கவேண்டும் என்று தெரிந்தது. லெட்டி இன்னும் வேலைக்குப் போகிறாள்.

அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு இளைஞர் காமிராவோடு டயாலிசிஸ் நிலையத்துக்கு வந்தார். பணிவான பையன், உள்ளே நுழைந்ததும் 'மிசஸ் டப்ஸ்' என்றார். ஆஸ்பத்திரிப் பத்திரிகையில் அவரைப் பற்றி ஒரு பக்கம் வரப்போகிறதாம். தன் சமூகத்துக்காகத் தன்னையே தியாகம் செய்த பெண்மணி என்று தலைப்பும் யோசித்து வைத்திருந்தார். மிசஸ் டப்ஸின் ஒரு கையில் மாட்டிய குழாயில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. மிசஸ் டப்ஸ் மறுகையால் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவர் எழுதி வந்த தாளை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார்.

"தம்பி, நான் தியாகம் ஒண்ணும் பண்ணல. செஞ்ச வேலைக்குக் கூலி கேட்டேன். நியாயந்தானான்னு முடிவு பண்ண உங்க ஆஸ்பத்திரிக்கு எட்டு மாசம் ஆச்சு. அந்த எட்டு மாசத்துல என் கிட்னி போச்சு. அப்படியே எழுதுங்க."

பத்திரிகையில் தியாகம் என்றுதான் வந்தது. அவர் சொன்னபடி இங்கே எழுதியிருக்கிறது.